கடல் கடந்து படித்த ஆனந்திபாய்

ஒரு கடிதம்

1880-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஒரு பல் வைத்தியரின் வீடு. வைத்தியரைப் பார்க்க ஒரு பெண்மணி காத்திருந்தார். அவர் பெயர் கார்பென்டர் அம்மையார். சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு பத்திரிகையை எடுத்துப் புரட்டினார். அது கிறிஸ்தவ சமயப் பத்திரிகை. அதில் ஒரு கடிதம் அச்சாகி இருந்தது.

அந்தக் கடிதம் இந்தியாவிலிருந்து போனது. எழுதியவர் கோபால்ராவ் ஜோஷி. அவர் தபால் இலாகாவில் குமாஸ்தாவாக இருந்தவர். தம் மனைவியைப் படிக்க வைக்க ஆசைப்பட்டார். அமெரிக்காவில் அதற்கு உதவி கிடைக்குமா என்று பாதிரியார் ஒருவரைக் கேட்டு எழுதியிருந்தார். பாதிரியாரின் பதிலும் கீழே இருந்தது. நீங்கள் கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தால் உதவி கிடைக்கும் என்பது அதன் பொருள். கணவனும் மனைவியும் அதற்கு இசையவில்லை.

கார்பென்டர் அம்மையார் கடிதத்தைத் திரும்பவும் படித்தார். மனம் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் பேனாவை எடுத்தார். முன்பின் தெரியாத அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்.

பதில் வந்தது. பதிலை எழுதியவர் அந்த மனைவிதான். அவர் பெயர் ஆனந்திபாய். அப்போது அவருக்கு வயது 15. இருவரும் தொடர்ந்து எழுதினார்கள். எங்கள் வீட்டில் இப்படி, உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். ஆனந்திபாய்க்கு அடிக்கடி தலைவலி, காய்ச்சல், சோர்வு. அதைக் கேள்விப்பட்ட கார்பென்டர் அம்மையார் அமெரிக்காவிலிருந்து மருந்து வாங்கி அனுப்பினார். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் உறவு வளர்ந்தது. ஆனந்திபாய் அவரை 'மாவ்ஷி' என்று அழைக்கத் தொடங்கினார். மராத்தி மொழியில் மாவ்ஷி என்றால் அம்மாவுடன் பிறந்தவள். நாம் சித்தி, பெரியம்மா என்று சொல்கிறோம் அல்லவா, அதுதான்.

கடிதம் எழுதத் தெரிந்ததால் வந்த உறவு இது.

யமுனா என்ற சிறுமி

ஆனந்திபாய்க்குப் பிறந்த வீட்டில் வைத்த பெயர் யமுனா. பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாண் என்ற ஊர் இருக்கிறது. அவளுடைய குடும்பம் அந்த ஊரைச் சேர்ந்தது. அவள் பிறந்தது 1865-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி. 9 வயதில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கோபால்ராவ். அவளைவிட ஏறக்குறைய 20 வயது மூத்தவர். முதல் மனைவியை இழந்தவர். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கல்யாணங்கள் சாதாரணம். இன்று இது சட்டப்படி குற்றம்.

கல்யாணத்துக்கு முன்பே கோபால்ராவ் ஒரு நிபந்தனை போட்டார். வரதட்சணை பற்றிய நிபந்தனை அல்ல. பெண்ணை நான் படிக்க வைப்பேன், யாரும் தடுக்கக் கூடாது என்பதே அந்த நிபந்தனை. பெண்கள் படித்தால் குடும்பம் கெட்டுவிடும் என்று நம்பிய காலம் அது. அந்தக் காலத்தில் இப்படி ஒரு மாப்பிள்ளை!

ஆனால் கதை அத்தனை இனிப்பானது அல்ல. கோபால்ராவ் முரட்டு வாத்தியார். பாடம் படிக்கவில்லை என்றால் அடிப்பார். விறகுக் கட்டையால் அடித்ததும் உண்டு. நாற்காலியையும் புத்தகத்தையும் தூக்கி எறிந்ததும் உண்டு. இதெல்லாம் வேறு யாரோ சொன்னது அல்ல. பிற்காலத்தில் ஆனந்திபாயே கணவருக்கு எழுதிய கடிதத்தில் நினைவுபடுத்தியது. எழுத்துச் சொல்லிக் கொடுத்தவருக்கே அந்த எழுத்தால் கடிதம் எழுதி, நீங்கள் செய்தது சரிதானா என்று கேட்டார்.

14 வயதில் ஆனந்திபாய் தாயானார். ஆண் குழந்தை. 10 நாள்தான் உயிரோடு இருந்தது. நல்ல வைத்தியம் கிடைத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று அந்தத் தாய் நினைத்தார். அந்தக் காலத்தில் பிரசவ வேதனையில் இருக்கும் பெண் ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட மாட்டாள். சாவேனே தவிரக் காட்ட மாட்டேன் என்பாள். பெண் டாக்டரோ இல்லை. அப்படியானால் யார் காப்பாற்றுவது?

நான் டாக்டர் ஆவேன் என்று ஆனந்திபாய் முடிவு செய்தது இப்படித்தான்.

ஊருக்குள்ளேயே ஒரு கடல்

வெளிநாட்டுக்குப் போனால் மொழி புரியாது, பழக்கம் புரியாது, எல்லாரும் நம்மை வேடிக்கை பார்ப்பார்கள் என்று பயப்படுகிறோம். ஆனந்திபாய்க்கு அந்த அனுபவம் சொந்த ஊரிலேயே கிடைத்துவிட்டது.

பம்பாயில் சிறிது காலம் பள்ளிக்கூடம் போனார். கையில் புத்தகத்தோடு தெருவில் நடந்தால் போதும். ஜன்னல்களில் தலைகள் தெரியும். சிலர் சிரிப்பார்கள். சிலர் கேலி பேசுவார்கள். சிலர் துப்புவார்கள். கோபால்ராவுக்கு ஊர் ஊராக மாற்றல் வரும். அலிபாக், கோலாப்பூர், பம்பாய், பூஜ், கல்கத்தா என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். ஊர் மாறியது, மொழி மாறியது, கேலி மாறவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து தெருவில் உலாவப் போனாலே கூட்டம் கூடியது.

கடைசியாக அவர்கள் இருந்த ஊர் செராம்பூர். இது கல்கத்தாவுக்கு அருகே உள்ளது. 1883-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி. அங்கே இருந்த கல்லூரி மண்டபத்தில் ஒரு கூட்டம். மேடையில் ஆனந்திபாய். அவருக்கு இன்னும் 18 வயது நிரம்பவில்லை. நான் ஏன் அமெரிக்காவுக்குப் போகிறேன் என்று ஊராருக்கு விளக்கம் சொல்ல வந்திருந்தார். பேசியது ஆங்கிலத்தில்.

ஊரார் அவரைக் கேட்ட கேள்விகளை அவரே எண்ணிச் சொன்னார். அவை ஆறு. ஏன் அமெரிக்கா? இந்தியாவில் படிக்க வழி இல்லையா? ஏன் தனியாகப் போக வேண்டும்? திரும்பி வந்தால் சாதியை விட்டுத் தள்ளிவைக்க மாட்டார்களா? போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வாய்? வேறெந்தப் பெண்ணும் செய்யாததை நீ மட்டும் ஏன் செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விகளை இன்றும் நாம் கேட்டிருக்கிறோம். மகள் பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும்போதுகூட இதில் மூன்றாவது கேள்வி வந்துவிடுகிறது.

ஆனந்திபாய் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இந்தியாவில் வழி இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது சென்னையைக் குறிப்பிட்டார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. இது அவருக்குத் தெரியும். ஆனால் அங்கே கிடைக்கும் படிப்பு போதாது என்று கருதினார். கற்பிப்பவர்களுக்குப் பெண்கள் படிப்பதில் மனம் இல்லை என்றும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். ஆங்கில உடை உடுத்திய பெண் தெருவில் போனால் யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. புடவை கட்டிய இந்துப் பெண் புத்தகத்தோடு போனால்தான் தொல்லை. இந்துவாகவே இருந்துகொண்டு இந்தியாவில் படிப்பது மிகவும் கடினம் என்றார்.

சாதியை விட்டுத் தள்ளுவார்களே என்ற கேள்வி பெரிய கேள்வி. கடல் கடந்தால் தீட்டு என்பது அன்றைய நம்பிக்கை. தள்ளிவைத்த குடும்பத்தோடு யாரும் சாப்பிட மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். ஆனந்திபாய் அதற்குச் சொன்ன பதிலின் கருத்து இது: நான் இந்துவாகப் போகிறேன், அங்கே இந்துவாக வாழ்வேன், இந்துவாகத் திரும்பி வருவேன். என் உணவையும் உடையையும் மாற்ற மாட்டேன். அப்படி இருக்க என்னை ஏன் தள்ளிவைக்க வேண்டும்?

இப்படிச் சபையில் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கு பின்னால் அவரை எவ்வளவு கஷ்டப்படுத்தப் போகிறது என்பது அப்போது தெரியாது.

58 நாள்

நகைகளை விற்றுப் பயணச் செலவுக்குப் பணம் சேர்த்தார்கள். சில பெரியவர்களும் உதவினார்கள். இரண்டு பேருக்கும் போகப் பணம் இல்லை. கோபால்ராவ் இங்கேயே தங்கினார். 1883 ஏப்ரல் 7-ஆம் தேதி கல்கத்தாவில் ஆனந்திபாய் கப்பல் ஏறினார். அமெரிக்காவுக்குத் திரும்பும் சில வெள்ளைக்காரப் பெண்மணிகள் துணை. நியூயார்க் போய்ச் சேர்ந்தது ஜூன் 4-ஆம் தேதி.

எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். ஏப்ரலில் 23 நாள், மே மாதத்தில் 31 நாள், ஜூன் மாதத்தில் 4 நாள். மொத்தம் 58 நாள். உங்கள் மையத்தில் உலகப் படம் இருந்தால் கல்கத்தாவையும் நியூயார்க்கையும் தேடிப் பாருங்கள். கல்கத்தாவை இப்போது கொல்கத்தா என்கிறார்கள்.

கப்பலில் சமையல் எல்லாம் மாமிசம். ஆனந்திபாய் சைவம். அவர் சாப்பிடக் கூடியது மிகக் குறைவு. கூட வந்தவர்களில் ஒருவர் அவரை மதம் மாறும்படி ஓயாமல் வற்புறுத்தினார். எங்கே போனாலும் முன்னும் பின்னும் கடல். எழுந்து வேறு வீட்டுக்குப் போய்விட முடியுமா? ஆனந்திபாய் பொறுமையாகக் கேட்டார். மாறவில்லை.

மாவ்ஷி வீட்டில்

நியூயார்க் துறைமுகத்தில் கார்பென்டர் அம்மையார் காத்திருந்தார். மூன்று ஆண்டுகளாகக் கடிதத்தில் மட்டும் பார்த்த மாவ்ஷி. தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஊரின் பெயர் ரோசெல். அது நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள சிறிய ஊர்.

ஆனந்திபாய்க்கு ஆங்கிலம் தெரியும். எழுதவும் வரும், மேடையில் பேசவும் வரும். ஆனாலும் புத்தகத்தில் படித்த மொழி வேறு, அடுத்த வீட்டார் வாசலில் நின்று வேகமாகப் பேசும் மொழி வேறு. பாஷை தெரிந்து வேறு ஊருக்குப் பிழைக்கப் போனவர்களுக்கும் இது தெரியும். திருநெல்வேலிக்காரர் சென்னைக்கு வந்தால்கூட முதல் வாரம் காது பழக வேண்டும். ரோசெல் வீட்டில் ஆனந்திபாய்க்குக் காது பழக நேரம் கிடைத்தது. அங்கே அவர் விருந்தாளியாக இல்லை. வீட்டுப் பெண்ணாக இருந்தார். குழந்தைகளோடு பழகினார்.

அவர் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. அந்த வீட்டாரும் கற்றுக்கொண்டார்கள். ஒருநாள் ஆனந்திபாய் அக்கம்பக்கத்தாருக்கு நம் ஊர் முறையில் விருந்து வைத்தார். தாமே சமைத்தார். அமெரிக்கப் பெண்களுக்குத் தம் புடவைகளைக் கட்டிவிட்டார். அவர்களுக்குப் புடவை நடையே புதிது. கால் தடுக்கியவர்களும் இருந்திருப்பார்கள்!

உடையில் ஒரு சிக்கல் வந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

மராட்டியப் பெண்கள் 9 கெஜம் புடவையைக் கச்சம் வைத்துக் கட்டுவார்கள். அப்படிக் கட்டினால் கால் கொஞ்சம் வெளியே தெரியும். நம் ஊரில் அது மரியாதையான உடை. வயல் வேலைக்கும் வசதி, பூஜைக்கும் வசதி. ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்களின் பாவாடை தரையைத் தொடும். அங்கே பெண்ணின் கணுக்கால் தெரிவது மரியாதைக் குறைவு. ஒரே உடை. ஒரு நாட்டில் மரியாதை, இன்னொரு நாட்டில் மரியாதைக் குறைவு. அதோடு குளிர் வேறு. திறந்த காலில் பனிக்காற்று அடித்தால் என்ன ஆகும்?

என்ன செய்வது? வெள்ளைக்காரிபோல் கவுன் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சபையில் வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனந்திபாய் ஒரு வழி கண்டுபிடித்தார். குஜராத்திப் பெண்கள் கட்டும் முறையில் புடவை கட்டினார். அதில் கால் முழுவதும் மூடிவிடும். உள்ளே பாவாடை உண்டு. அதுவும் இந்தியப் புடவைதானே! வாக்கும் தவறவில்லை, அங்குள்ளவர்களுக்கும் குறை இல்லை, குளிரும் ஓரளவு தணிந்தது.

அதுவும் பிரச்சினை ஆனது. கணவர் தொலைவிலிருந்து குறை சொல்லி எழுதினார். நீ மாறிவிடுவாய் என்ற சந்தேகம் அவருக்கு. எந்த மனைவி படிக்க வேண்டும் என்று பாடுபட்டாரோ, அந்த மனைவி படித்து மாறிவிடுவாளோ என்று அவரே பயந்தார். அமெரிக்கர்கள் அவரைப் பார்த்து, ஏன் இன்னும் புடவை கட்டுகிறாய் என்றார்கள். வீட்டிலிருந்து, ஏன் புடவையை மாற்றிக் கட்டினாய் என்று கேள்வி வந்தது. இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியவர் 18 வயதுப் பெண்.

குளிரும் புகையும்

பிலடெல்பியா நகரில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவக் கல்லூரி இருந்தது. 1850-ஆம் ஆண்டில் தொடங்கியது. பெண்களுக்கு மருத்துவம் கற்பிக்க உலகில் முதன்முதலாக எழுந்த கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அதன் தலைவி ரேச்சல் பாட்லி என்ற பேராசிரியை. ஆனந்திபாய் தம் விண்ணப்பத்தில் விஷயத்தை மறைக்காமல் எழுதினார். என் படிப்பில் குறைகள் இருக்கலாம், ஆனால் என் நாட்டுப் பெண்கள் ஆண் டாக்டரிடம் போகாமல் சாகிறார்கள், அவர்களுக்காகப் படிக்க விரும்புகிறேன் என்பது அதன் சாரம். கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. உதவித் தொகையும் கொடுத்தது.

மூன்று வருடப் படிப்பு. டாக்டர் படிப்பில் உடம்பின் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் உள்ள பெயர்கள் பெரும்பாலும் லத்தீன், கிரேக்க மொழிகளிலிருந்து வந்தவை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கே அவை புதுச் சொற்கள். ஆனந்திபாய்க்கு ஆங்கிலமே இரவல் மொழி. ஒரு சொல்லை இரண்டு முறை கடக்க வேண்டும். மராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்கு, ஆங்கிலத்திலிருந்து லத்தீனுக்கு. எழுத்துக் கூட்டிப் படிப்பது என்ன என்று புதிதாகப் படித்தவர்களுக்குத் தெரியும். அவர் ஒவ்வொரு நாளும் அதைத்தான் செய்தார்.

மொழியை வென்றுவிட்டார். குளிரை வெல்ல முடியவில்லை.

பிலடெல்பியாவில் பனி கொட்டும். தண்ணீர் உறைந்து கல்லாகும். வீட்டுக்குள் கணப்பு மூட்டி உட்கார வேண்டும். அவர் தங்கிய அறையில் கணப்பு சரியில்லை. மூட்டினால் அறை முழுவதும் புகை. அணைத்தால் குளிர். புகையா, குளிரா என்று தினமும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாப்பாடும் சரியாக இல்லை. சைவ உணவு கிடைப்பது அரிது. படித்துவிட்டு வந்து தாமே சமைக்க வேண்டும். களைத்த நாளில் கிடைத்ததைத் தின்றுவிட்டுப் படுக்க வேண்டும். அவருக்கு முன்பே பலவீனமான உடம்பு. இருமல் தொடங்கியது.

கம்பளி உடையும் மாமிச உணவும் இருந்தால் உடம்பு தாங்கியிருக்குமோ என்று இன்று படிப்பவர்களுக்குத் தோன்றலாம். அதைச் சொல்வது எளிது. ஒரு வாய் மாமிசம் தின்றார் என்று செய்தி போனால் ஊரில் கதவு மூடிவிடும். அவருக்குப் பின்னால் வர நினைக்கும் பெண்களுக்கும் மூடிவிடும். அது அவருக்குத் தெரியும்.

கூட்டத்தில் பேசியது

ஒருமுறை அமெரிக்கப் பெண்களின் கூட்டம் ஒன்றில் பேச அழைத்தார்கள். தலைப்பு குழந்தை மணம். 9 வயதில் கல்யாணம் ஆனவர், 14 வயதில் பிள்ளையைப் பறிகொடுத்தவர். அவர் அந்த வழக்கத்தைக் கண்டித்துப் பேசுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஆனந்திபாய் எழுந்து குழந்தை மணத்துக்கு ஆதரவாகப் பேசினார்! கேட்டவர்கள் திகைத்தார்கள். வருத்தப்பட்டார்கள்.

ஏன் அப்படிப் பேசினார்? குழந்தை மணம் தவறு. அவர் பேசியதும் தவறு. ஆனால் அந்த இடத்தையும் பார்க்க வேண்டும். உங்கள் நாட்டில் எல்லாமே மோசம் என்று நினைக்கும் கூட்டம். அதன் நடுவே ஒரே ஒரு இந்தியப் பெண். வீட்டுச் சண்டையை அடுத்த தெருவில் யாராவது கேட்டால், அங்கே ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நாமும் சொல்லியிருப்போம். இதே ஆனந்திபாய் வீட்டுக்குள் கணவருக்கு எழுதிய கடிதத்தில், அடிபட்ட வேதனையை மறைக்கவில்லை. அந்நியர் நடுவே இருக்கும்போது சொந்த ஊரைப் பற்றி உண்மை பேசுவது மிகக் கடினம்.

மூன்று பெண்கள்

அந்தக் கல்லூரியில் 1885-ஆம் ஆண்டு எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் இருக்கிறது. மூன்று மாணவிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஆனந்திபாய். புடவை கட்டி நகை அணிந்திருக்கிறார். அடுத்தவர் ஜப்பானைச் சேர்ந்த கெய் ஒகாமி. ஜப்பானிய உடையில் இருக்கிறார். மூன்றாமவர் சிரியாவைச் சேர்ந்த சபாத் இஸ்லாம்பூலி. தம் நாட்டு உடையில் இருக்கிறார். மூன்று பேருக்கும் தாய்மொழி வேறு வேறு. மதம் வேறு வேறு. வகுப்பில் மூவரும் ஆங்கிலத்தில்தான் பாடம் கேட்டார்கள். மூவரும் டாக்டர் பட்டம் பெற்றார்கள்.

1886-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி ஆனந்திபாய்க்குப் பட்டம் கிடைத்தது. அதற்காக அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை இந்துக்களின் பிரசவ வைத்தியம் பற்றியது. நம் நாட்டு ஆயுர்வேத நூல்களையும் அமெரிக்க மருத்துவ நூல்களையும் சேர்த்துப் பார்த்து எழுதினார். அமெரிக்கா வரை போய், அமெரிக்கர்களின் மொழியில், நம் ஊர்ப் பாட்டிமார் செய்யும் வேலையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பட்டமளிப்பு விழாவுக்குக் கணவர் வந்திருந்தார். அதற்கு முன்பே அவரும் அமெரிக்கா வந்து சேர்ந்துவிட்டார். பண்டித ரமாபாய் இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறி வந்தார். ரமாபாய் பெரிய சமஸ்கிருத அறிஞர். பின்னாளில் விதவைப் பெண்களுக்காகப் பள்ளியும் இல்லமும் நடத்தியவர். அதே 1886-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் காதம்பினி கங்குலி என்ற பெண்ணும் மருத்துவப் படிப்பை முடித்தார். மேல்நாட்டு மருத்துவம் படித்த முதல் இந்தியப் பெண்கள் இந்த இருவரும்தான்.

திரும்பிய பிறகு

கோலாப்பூர் சமஸ்தானத்திலிருந்து வேலை தயாராக இருந்தது. அங்குள்ள ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையில் பெண்கள் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. எந்த வேலைக்காகப் புறப்பட்டாரோ அதே வேலை. 1886 நவம்பரில் பம்பாய் வந்து இறங்கினார். ஊரில் வரவேற்பும் வாழ்த்தும் குவிந்தன. தெருவில் துப்பிய அதே நாட்டில் இப்போது பார்க்கக் கூட்டம். சாதியை விட்டுத் தள்ளுவார்கள் என்று பயந்தது நடக்கவில்லை.

ஆனால் அவர் இறங்கியபோதே நோய் முற்றியிருந்தது. காசநோய். அதை டி.பி. என்றும் சொல்கிறோம். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் என்ற ஜெர்மானியர் 1882-ஆம் ஆண்டில்தான் கண்டுபிடித்திருந்தார். அதைக் கொல்லும் மருந்து 1940-களில்தான் வந்தது. இன்று அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கு இலவசமாக மருந்து கொடுக்கிறார்கள். சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும். ஆனந்திபாய் காலத்தில் இது எதுவும் இல்லை. டாக்டர் பட்டம் பெற்றவருக்குத் தம் நோய்க்கு மருந்து இல்லை.

புனேயில் உறவினரோடு இருந்தார். 1887-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி இறந்தார். 22 வயது நிறைய இன்னும் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் இருந்தது. கோலாப்பூர் மருத்துவமனையில் அவர் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்கவில்லை.

அவருடைய அஸ்தியின் ஒரு பகுதியைக் கோபால்ராவ் அமெரிக்காவுக்கு, மாவ்ஷிக்கு அனுப்பினார். முதலில் கடிதம் போன வழியில் இப்போது அது போனது. நியூயார்க் மாநிலத்தில் பகீப்சி என்று ஓர் ஊர் உண்டு. அங்கே தம் குடும்பத்தின் கல்லறை இடத்தில் கார்பென்டர் அம்மையார் அதை வைத்தார். ஆனந்திபாய் ஜோஷி என்ற பெயர் பொறித்த கல் இன்றும் அங்கே நிற்கிறது. 

வாசிப்பு வட்டத்தில் பேசுங்கள்

ஆனந்திபாயிடம் ஊரார் கேட்ட ஆறு கேள்விகளைத் திரும்பப் படியுங்கள். உங்கள் வீட்டில் அல்லது தெருவில் யாரிடமாவது இவற்றைக் கேட்டதுண்டா? யாரிடம், எப்போது? உங்கள் குழுவில் வேறு மாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போய் வந்தவர் இருந்தால், மொழி தெரியாமல் பட்ட பாட்டைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அதை ஐந்து வரியில் நோட்டில் எழுதுங்கள். வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு ஒரு கடிதமும் எழுதிப் பாருங்கள்.